இருபத்திரண்டு அடி

தமிழ்தானே? போன்ல பேசினீங்களே, வெண்டைக்காய் இளசா இருந்தா வாங்கிட்டு வர்றேன்னு. அதைக் கேட்டுத்தான் பின் சீட்டிலேருந்து எழுந்து வந்தேன். தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இல்லை, ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. நீங்கதான் பார்க்கணும். நான் நிறையப் பார்த்தாச்சு.

எந்த ஊரு? கரூரா. நான் தூத்துக்குடி. பேரு வெயிலுமுத்து. இவங்க வாயில அது நுழையாது, 'மிஸ்டர் வேல்'னு ஆக்கிட்டாங்க. அங்கிள்னு கூப்பிடாதீங்க, எனக்குப் பிடிக்காது. அண்ணாச்சின்னு கூப்பிடுங்க.

கடை எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கும் தம்பி, வெண்டைக்காய் எங்கேயும் ஓடிப்போகாது. உங்களால எனக்கு ஒரு உதவி ஆகணும். பத்து நிமிஷ வேலை. இந்தப் பையில என்ன இருக்கு தெரியுமா? டேப். முந்நூறு அடி எஃகு டேப். இதை ஒருத்தன் தனியா இழுக்க முடியாது. ஒரு முனையை ஒருத்தன் அசையாம பிடிக்கணும், இன்னொருத்தன் இழுத்துக்கிட்டுப் போகணும். முப்பது வருஷம் என்கூட மறுமுனையைப் பிடிச்சவன் கிளைட். செத்துப்போயிட்டான். மகன் சியாட்டில்ல இருக்கான். அவனைக் கூப்பிட்டா, "அப்பா, அது லாரி நிறுத்தற இடம்"ங்கறான். வீட்டம்மாகிட்ட சொன்னா, "அந்த ரப்பர் பலகையோடயே குடித்தனம் நடத்துங்க"ங்கறா.

அந்தப் பெயிண்ட் டப்பாவா? அதுவும் வேலைக்குத்தான். சொல்றேன்.

வெளியில பாருங்க, ஆத்தோரமா. அந்தச் செங்கல் கட்டடம் தெரியுதா? அதுதான் பேஸ்பால் மைதானம். இந்த ஊருக்கு நாலாவது. பார்த்தா நூறு வருஷத்துக் கட்டடம் மாதிரி இருக்குல்ல? கட்டிப் பதினாறு வருஷம்தான் ஆச்சு. வேணும்னே அப்படிக் கட்டியிருக்கான். நிஜமாவே பழசா ஒண்ணு இருந்துச்சு, அதை இடிச்சான். இடிச்சுட்டு, பழசு மாதிரியே புதுசு கட்டறான். முட்டியில கிழிச்சுவிட்டு ஜீன்ஸ் விக்கிறானே, அந்தப் புத்திதான் இதுவும்.

அதுக்குப் பக்கத்துல கார் நிறுத்தற வெட்டவெளி. அங்கேதான் மூணாவது இருந்துச்சு. வட்டமா, முழுக்க சிமெண்ட்ல, பெரிய ஆட்டுரல் மாதிரி. அதைக் கட்டும்போது ஊரே கொண்டாடுச்சு. முப்பத்தோரு வருஷம் கழிச்சு வெடி வெச்சு அரை நிமிஷத்துல படுக்க வெச்சாங்க. அதுக்கும் ஊரே பாலத்து மேல நின்னு கை தட்டுச்சு. எதுக்குத்தான் கை தட்டறதுன்னு ஒரு கணக்கு வேணாமா? எனக்கு அன்னிக்கு வந்த கோபத்துக்கு, பாலத்தையும் சேர்த்து வெடி வெச்சிருக்கலாம்.

இதோ, இந்த டயர் கடை. தவறவிட்டுடாதீங்க. இதுதான் முதல் மைதானம். முழுக்க மரம். ஒரு ஞாயித்துக்கிழமை ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கும்போதே எரிஞ்சுபோச்சாம். எவனோ சுருட்டைக் கீழே போட்டுட்டான். ஒரு போர்டு வெச்சிருக்கானா பாருங்க. டயர் நாலு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போர்டு வெச்சிருக்கான்.

நாம இப்போ போறது ரெண்டாவதுக்கு. ஹார்லன் தெரு. இரும்பும் செங்கலுமா கட்டினது, ஐம்பத்தொன்பது வருஷம் நின்னுச்சு. அதுலதான் என் சண்டை.

ஆட்டமா? ஆட்டம் எனக்குத் தெரியாது தம்பி. ஒரு ஆட்டமும் முழுசா உக்காந்து பார்த்ததில்லை. யார் எதுக்கு ஓடறான்னே புரியாது. ஆனா அளவு தெரியும். நான் இந்த ஊர் நகராட்சியில நில அளவை இன்ஜினியர். அறுபத்தொன்பதுல வந்தேன், முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்தேன். பேஸ்பால்ல ஹோம் பிளேட்னு ஒண்ணு உண்டு. அஞ்சு மூலை இருக்கற வெள்ளை ரப்பர் பலகை, தரையோட தரையா பதிச்சிருப்பாங்க. மட்டையடிக்கிறவன் அது பக்கத்துலதான் நிப்பான். மைதானத்துல எந்த அளவா இருந்தாலும் அங்கேருந்துதான் ஆரம்பம். அந்தப் பலகை தெரிஞ்சா போதும், மிச்ச மைதானத்தை நான் கண்ணை மூடிக்கிட்டு வரைவேன். அது தப்பாப் போச்சுன்னா எல்லாமே தப்பு.

இன்னிக்கு ரெண்டு மணிக்கு அந்த ஹோம் பிளேட்டுக்கு நினைவுக்கல் திறக்கறாங்க. துணியால மூடி, மைக் வெச்சு, டி.வி.க்காரனை வரவழைச்சு. தப்பான இடத்துல!

இருபத்திரண்டு அடி தம்பி. ஒரு அடி ரெண்டு அடின்னா நான் வாயைத் திறக்க மாட்டேன். இருபத்திரண்டு அடி தெற்கே தள்ளி வெச்சிருக்காங்க. போன மாசம் அளவுச் சக்கரத்தைத் தனியா உருட்டிக்கிட்டுப் போய்ப் பார்த்தேன். மூணு தடவை உருட்டினேன். மூணு தடவையும் இருபத்திரண்டு.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்க. கேளுங்க, கேக்கணும். எழுபத்தொண்ணுல இந்த ரெண்டாவது மைதானத்தை மூடினாங்க. கடைசி ஆட்டம் முடிஞ்ச உடனே அந்தப் பலகையைத் தோண்டி எடுத்து, ஹெலிகாப்டர்ல வெச்சு, ஆத்தோரத்துல புதுசா கட்டின அந்த ஆட்டுரலுக்குக் கொண்டு போனாங்க. அப்படி ஒரு வழக்கம் இவங்களுக்கு. நம்ம ஊர்ல உற்சவரைத் தூக்கிட்டுப் போற மாதிரி. பலகை போயிடுச்சு, குழி அப்படியே இருந்துச்சு, அஞ்சு மூலையோட. அப்புறம் ஜனங்க உக்காந்து பார்க்கற மாடத்தை இடிச்சாங்க. தெருவிலேருந்து குழி வரைக்கும் நேர் வழி திறந்த மறுநாள் நானும் கிளைட்டும் போனோம். யாரும் போகச் சொல்லலை. அந்தக் குழி மண்ணு விழுந்து மூடிப்போகும், அதுக்கப்புறம் எவனுக்கும் தெரியாதேன்னு எனக்குத்தான் பொறுக்கலை. தெருவோட அந்தப் பக்கம், வடக்கு மூலையில, நடைபாதை ஓரக்கல்லுல ஒரு பித்தளை ஆணி அடிச்சேன். மைதானத்துப் பக்கம் அடிக்கலை. ஏன்? இந்தப் பக்கம் இடிப்பான், தோண்டுவான். எதிர்ப்பக்கம் யாரும் தொட மாட்டாங்க. அது வீடுங்க இருக்கற பக்கம். ஆணியிலேருந்து நேர் தெற்கே, தெருவைத் தாண்டி, குழியோட நடுப்புள்ளி வரைக்கும் இருநூத்திப் பன்னிரண்டு அடி நாலு அங்குலம். இதோ பாருங்க என் அளவுப் புத்தகம். பென்சில்தான், ஆனா அழியலை. கிளைட் கையெழுத்தும் இருக்கு.

இந்தப் புத்தகத்தைக் கொண்டு போய் கமிட்டியில வெச்சேன். கமிட்டித் தலைவி ஒரு அம்மா. எர்னஸ்டின் புரூயிட். கறுப்பினத்து அம்மா, என் வயசுதான் இருக்கும், எப்பவும் ஊதாத் தொப்பி. அவங்க அப்பா அந்த மைதானத்துல புல்லுக்கும் மண்ணுக்கும் பொறுப்பா இருந்தவர். அந்த ஒரு பெருமை போதும், அவங்க வெச்சதுதான் சட்டம். எப்படி இடம் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டேன். சொல்றாங்க: "பிளேட்டுல நின்னு வடக்கே பார்த்தா, சோப்பு ஆலைப் புகைபோக்கி சர்ச் கோபுரத்துக்குப் பின்னாடி மறையணும். மேற்கே பார்த்தா, ரயில்வே தண்ணித் தொட்டி பள்ளிக்கூட மணிக்கூண்டைத் தொடணும். எங்க அப்பா என்னை அங்கே நிக்க வெச்சுக் காட்டியிருக்கார்."

இது அளவா? எங்க ஊர்ல கடலுக்குப் போறவங்க இப்படித்தான் மீன் இருக்கற இடத்தைக் குறிச்சு வெப்பாங்க. மாதா கோயில் கோபுரமும் கலங்கரை விளக்கமும் ஒண்ணாச் சேர்ந்தா வலையைப் போடுன்னு. சரியாத்தான் போடுவாங்க, அதை நான் இல்லைங்கலை. கடலுக்கு வேற வழி கிடையாது. தரையில டேப் இருக்கும்போது எதுக்குப் புகைபோக்கி?

அதைத்தான் சொன்னேன் கூட்டத்துல. அறுபது பேர் இருந்தாங்க. "மேடம், உங்க அப்பா காட்டினப்போ உங்களுக்குப் பத்து வயசு இருக்கும். நான் அளந்தப்போ என் கையில டேப் இருந்துச்சு"ன்னேன். அந்த அம்மா கோபப்படலை தம்பி. கோபப்பட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே கேக்கறாங்க, "மிஸ்டர் வேல், உங்க புத்தகத்துல எங்க வீட்டு வாசப்படி எங்கே இருக்கு?"

நான் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். முட்டாள் மாதிரி நிஜமாவே புரட்டிப் பார்த்தேன். "அது இதுல இல்லை"ன்னேன்.

"இருக்காதுன்னு தெரியும்"னாங்க.

அறுபது பேரும் சிரிச்சாங்க. என்ன ஹாஸ்யம் இதுல? பிளேட் எங்கேன்னு பேசிக்கிட்டிருக்கோம், வாசப்படி எங்கேருந்து வந்துச்சு? பின்னாடி ஒருத்தன் "உக்காருங்க தாத்தா"ங்கறான். தாத்தாவாம். அவன் நடந்து வந்த நடைபாதையை வரைஞ்சவன் நான்.

அது மட்டுமில்லை. போன வாரம் ஒரு கடிதாசு வருது. அந்த அம்மா கையாலேயே எழுதினது. "விழாவுக்கு அவசியம் வாங்க. துணியை நாம ரெண்டு பேருமா விலக்குவோம். வரும்போது டேப்பையும் கொண்டு வாங்க." பார்த்தீங்களா நக்கலை! டேப்பையும் கொண்டு வாங்கவாம். கொண்டு வர்றேன்டி அம்மா, கொண்டு வர்றேன். டேப்பும் வரும், வெள்ளைப் பெயிண்டும் வரும். துணியை நீ விலக்கு. அதே நேரத்துல நான் இருபத்திரண்டு அடி தள்ளி அஞ்சு மூலை வரைஞ்சு வெக்கிறேன். டி.வி.க்காரன் எதைப் பிடிக்கறான்னு பார்ப்போம்.

நீங்க ஆணியில முனையைப் பிடிச்சா போதும். உங்க மேல ஒண்ணும் வராது. போலீஸ் வந்தா நான் பேசிக்கறேன்.

ஹார்லன் தெரு வந்தாச்சு. எப்படி இருக்கு பாருங்க. அகலமா, நேரா, ஒரு குழி கிடையாது. இது நான் போட்ட ரோடு. எழுபத்திநாலுல. ஆத்தோரத்து ஸ்டேடியத்தைக் கட்டிட்டானே ஒழிய, அதுக்குக் கார் வர வழியில்லை. ஆட்ட நாள்ல இந்தத் தெரு முழுக்க அடைச்சுக்கிட்டு நிக்கும். என் மேஜைக்கு வந்துச்சு. நாற்பதடித் தெருவை அறுபத்திரண்டு ஆக்கினேன். தெற்கே, மைதானம் இருந்த இடத்துல, ரொட்டிக் கம்பெனி லாரிக் கிடங்கு வந்துடுச்சு, அவன்கிட்ட வக்கீல் இருந்தான். அதனால வடக்கே எடுத்தோம். பதினோரு வீடு. எல்லாருக்கும் முறையா நோட்டீஸ் போச்சு, யாரும் கோர்ட்டுக்குப் போகலை. மூணு மாசத்துல காலி பண்ணிட்டாங்க.

ஆமா, அவங்க வீடும் இருந்திருக்கும். மூலை வீடோ என்னமோ. வரைபடத்துல அது வெறும் நம்பர்தானே தம்பி. நம்பரைப் பார்த்தா அதுக்குள்ள யார் இருக்கான்னு எப்படித் தெரியும்?

அந்த வேலையில நான் ஒண்ணு செஞ்சேன், இன்னிக்கும் பெருமையாச் சொல்வேன். ஓரக்கல் எல்லாம் அசல் கருங்கல். காண்ட்ராக்டர் அதைப் பெயர்த்து ஆத்துல கொட்டிட்டு சிமெண்ட்ல புதுசா வார்க்கறேன்னான். நான் விடலை. ஒவ்வொரு கல்லுக்கும் சிவப்புப் பெயிண்ட்ல நம்பர் போடச் சொன்னேன். ஒண்ணுலேருந்து நூத்தி நாற்பது வரைக்கும். தெருவை அகலப்படுத்தினதும் அதே வரிசையில, ஒரு கல் மாறாம, திருப்பிப் பதிக்கச் சொன்னேன். நானே நின்னு பார்த்தேன். மூலைக்கல் மூலையில. நான் அடிச்ச பித்தளை ஆணிகூட அப்படியே இருக்கு. போன மாசம் விரலால தடவிப் பார்த்தேன். இந்த ஊர்ல எதைத்தான் இவன் அப்படியே வெச்சிருக்கான்? நான் ஒருத்தன்தான் வெச்சேன்.

என்ன?

கல்லா? கல் மூலையிலதான் இருக்கு. இப்போதானே சொன்னேன், மூலைக்கல் மூலையிலன்னு.

மூலை எப்படித் தம்பி நகரும்? மூலைன்னா மூலை.

நீங்க என்ன படிச்சிருக்கீங்க? கம்ப்யூட்டரா. அதான். கையில டேப் பிடிச்சிருக்கீங்களா எப்பவாவது? வெயில்ல எஃகு எவ்வளவு நீளும், குளிர்ல எவ்வளவு சுருங்கும், அதுக்கு எவ்வளவு கழிக்கணும், தெரியுமா? நான் அதெல்லாம் கழிச்சு எழுதினவன். பஸ்ல பக்கத்துல உக்காந்த உடனே எல்லாரும் இன்ஜினியர் ஆயிடறாங்க. கரூர்ல பெரியவங்க பேசும்போது இப்படித்தான் குறுக்கே கேப்பீங்களா?

நாற்பது. அறுபத்திரண்டு.

பேசாதீங்க. ஒரு நிமிஷம் பேசாதீங்க.

கிளைட் சொல்லியிருக்கணும். அவன்தானே கூட இருந்தான், அவனும்தானே அந்த ஆணியைப் பார்த்தான். கல்லைத் தூக்கும்போது, "சார், நம்ம ஆணி"ன்னு ஒரு வார்த்தை. பீர் குடிக்கத்தான் லாயக்கு. அந்த காண்ட்ராக்டர் பேச்சைக் கேட்டு எல்லாத்தையும் ஆத்துல கொட்டியிருந்தாலாவது ஆணி இல்லைன்னு ஆயிருக்கும், நானும் சும்மா இருந்திருப்பேன்.

அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. அறுபது பேருக்கும் தெரிஞ்சிருக்கு. "உங்க கல் நகர்ந்துடுச்சு மிஸ்டர் வேல்"னு நேரா சொல்றதுக்கென்ன? சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?

சரி. கேட்டிருக்க மாட்டேன்.

பெல் அடிக்காதீங்க. இல்லை, அடிங்க. அடிச்சுடுங்க. சோதிச்சுப் பார்க்கறதுல என்ன தப்பு? நீங்க சொல்லிட்டா ஆயிடுச்சா? புகைபோக்கி சொல்லிட்டா ஆயிடுச்சா? டேப் சொல்லட்டும். பார்த்து இறங்குங்க. பையை நான் தூக்கறேன்.

இதோ மூலைக்கல். குனிஞ்சு பாருங்க. பித்தளை. மங்கியிருக்கு, ஆனா அசையலை. இதுல பிடிக்கச் சொல்லத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன். வேணாம். விடுங்க. இங்கேருந்து அளந்தா என்ன வரும்னுதான் மூணு தடவை பார்த்தாச்சே.

தெற்கே, ரோட்டுக்குள்ள இருபத்திரண்டு அடி போகணும். பயப்படாதீங்க, விழாவுக்காக இந்த இடத்துல ரோட்டை முழுசா மூடியிருக்காங்க, கூம்பு வெச்சிருக்கான் பாருங்க. அந்த இருபத்திரண்டை அளக்க மட்டும் இந்த டேப் முனையை ஆணியில வைங்க, நான் பின்னாடி நடக்கறேன். அஞ்சு. எட்டு. பத்து. பதிமூணு, பதினாலு. இங்கே பழைய நடைபாதை ஆரம்பம், எட்டடி அது. அப்படின்னா வீடு பதினாலுக்கு அந்தப் பக்கம். வாசப்படி பதினாலுல. நான் இப்போ தாண்டி வந்தேனே, அது. அதுக்கு மேல நடைபாதை. இருபது. இருபத்திரண்டு. ஆணி அன்னிக்கு இங்கே இருந்துச்சு.

ஹார்ன் அடிக்கிறான் பாருங்க கூம்புக்கு அந்தப் பக்கம். அடிடா, அடி! இது நான் போட்ட ரோடு! உன்னைப் பெத்தவன் சைக்கிள்ல போன காலத்துல போட்டது!

அவனை விடுங்க. ஆணியிலேருந்து முனையை எடுத்துட்டு இங்கே வாங்க. இப்போ முனையை நான் பிடிச்சுக்கறேன், இந்த இருபத்திரண்டுல. எனக்குக் கால் கடுக்கும், ஆனா கை அசையாது. நீங்க டேப்பை இழுத்துக்கிட்டு நேரா அந்தக் கூட்டத்துக்குள்ள போங்க. வழி கேட்டா விடுவாங்க. ஊதாத் தொப்பி போட்ட ஒரு அம்மா நிப்பாங்க, அவங்க கால்கிட்ட துணி மூடியிருக்கும். இருநூத்திப் பன்னிரண்டு அடி நாலு அங்குலம் வந்ததும் நில்லுங்க. துணிக்கு வெளியே நின்னீங்கன்னா சத்தமாக் கூப்பிடுங்க, நான் பெயிண்டோட வர்றேன். துணி மேலயே வந்து நின்னா கத்த வேணாம். கையைத் தூக்குங்க. எனக்குத் தெரிஞ்சுடும்.

துணியை விலக்க என்னைக் கூப்பிட்டா? வரலைன்னு சொல்லுங்க. முனையை விட்டுட்டு வர முடியாதுன்னு சொல்லுங்க. அந்த அம்மாவுக்குப் புரியும்.

பெயிண்ட் டப்பாவை இங்கேயே வெச்சுட்டுப் போங்க. அளந்து முடிச்சதும் பதினாலுக்குத் திரும்பிப் போய் ஒரு கோடு போட வேண்டியிருக்கு.

அவங்க மறுபடியும் அந்தக் கேள்வியைக் கேட்டா, வாசப்படி எங்கேன்னு கேட்டா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. திரும்பி என் பக்கம் கையைக் காட்டுங்க.

போங்க. மெதுவாப் போங்க. டேப் தொய்யக் கூடாது.